கச்சேரிக்குப் போய் வந்து சொல்வது எப்படி? புதிதாக வருகிறவர்களுக்கு

கோலாலம்பூரில் சனிக்கிழமை இரவு கச்சேரி என்றால், ஞாயிறு சாயங்காலம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு அதன் மறு ஆட்டம். டவுனில் ஒரு ஒட்டுக்கடையில் இரண்டு மேசைகளை இழுத்துச் சேர்த்துப் போட்டுக்கொள்வோம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். அதில் நேரில் போய்வந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்ற எல்லாரும் கேட்க வந்தவர்கள். ஒருவர் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறார், சனிக்கிழமையும் ஓட்டம் உண்டு. ஒரு தங்கைக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. எல்பில் தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு பெரியம்மா வருகிறார். முட்டிவலி, அரங்கத்துப் படிக்கட்டு ஏற முடியாது. ஆனால் நம்ம பாடகரின் பாட்டு ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம்.

அந்தப் பாடகர் யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் 'ஏன், எங்க ஆளு இல்லையா?' என்று சண்டைக்கு வருவீர்கள். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிற ஒருவர், அவ்வளவுதான். உங்களுக்குப் பிடித்தவரை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாளாகப் புதுப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். சந்தோஷம். ஆனால் 'எப்படி இருந்துச்சு?' என்று கேட்டால், 'வேற லெவல்ண்ணே' என்பதோடு முடிந்துவிடுகிறது. உடனே பெரியம்மா கேட்பார்: 'என்ன சட்டை போட்டிருந்தாரு?' பிள்ளை முழிக்கும். கைப்பேசியை எடுத்து நீட்டும். அதில் சிவப்பு வெளிச்சமும் முன்னால் நின்றவரின் தலையும்தான் தெரியும். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போவதற்கு முன்

ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். தினம் இரண்டு பாட்டு போதும். கேட்பதோடு நிறுத்தாமல் வரிகளைக் கையால் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பத்து வருடமாக முணுமுணுத்த வரியையே தப்பாகப் பாடிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரியும். எனக்கு இரண்டு பாட்டில் அப்படி நடந்தது, எந்தப் பாட்டு என்று கேட்காதீர்கள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. சினிமாப் பாட்டில் எழுதுகிறவர் ஒருவர், இசையமைப்பவர் ஒருவர், பாடுகிறவர் இன்னொருவர். மேடையில் வார்த்தையை மாற்றப் பாடகர் பெரும்பாலும் துணியமாட்டார், அது அவருடைய சொத்து இல்லை. நம்ம ஆளுக்கு அந்தத் தடை கிடையாது. வீடு அவருடையது, சுவரை இடித்து ஜன்னல் வைப்பார். சரணத்தை விட்டுவிடுவார், புதிதாக நான்கு வரி சேர்ப்பார், வேகப் பாட்டைத் தாலாட்டு மாதிரிப் பாடுவார். ஒரு முறை ஊர்ப்பேர் வருகிற இடத்தில் பதிவில் இருந்த பேரை விட்டுவிட்டு 'ஈப்போ' என்று பாடினார். அரங்கத்தில் பேராக்காரர்கள் எத்தனை பேர் என்று அந்த ஒரு நொடியில் தெரிந்துபோனது. பதிவில் என்ன இருந்தது என்று தெரியாதவருக்கு அந்தக் கூச்சல் ஏன் என்றே புரிந்திருக்காது. பக்கத்தில் நின்ற ஒரு தம்பி, 'என்னண்ணே, பாம்பா?' என்று கேட்டார்.

சிங்கப்பூரில் முந்தின வாரம் பாடியிருந்தால் பாட்டு வரிசை எப்படியும் கைக்குக் கைமாறி வந்துவிடும். நான் பார்க்கமாட்டேன். என் கூட்டாளி ஒருவர் பார்த்துவிட்டுத்தான் வருவார், எந்தப் பாட்டில் கழிப்பறைக்குப் போகலாம் என்று கணக்குப் போட. அது அவரவர் விருப்பம். பார்த்தவர் பார்க்காதவரிடம் வாயைத் திறக்கக் கூடாது, அது மட்டும் சட்டம்.

பயண விஷயம் சுருக்கமாக. இடிஎஸ் ரயில் நம்ம ஊரில் நிற்கும், எல்லா ரயிலும் நிற்காது. ஈப்போவுக்குப் போய் ஏறினால் நேரம் பார்த்து எடுக்கலாம். கேஎல் சென்ட்ரலில் இறங்கி, கிளானா ஜெயா தடத்தில் மஸ்ஜித் ஜாமெக், அங்கே மாறி ஸ்ரீ பெட்டாலிங் தடத்தில் அரங்கங்கள் இருக்கும் புக்கிட் ஜாலில். டச் என் கோ அட்டையில் திரும்பி வருவதற்கும் சேர்த்துக் காசு போட்டு வையுங்கள். கச்சேரி முடிந்ததும் அட்டையில் காசு போடும் இயந்திரத்தின் முன்னால் நிற்கிற வரிசையைப் பார்த்தால் தெரியும், ஏன் சொல்கிறேன் என்று.

எங்கே உட்கார்ந்தீர்கள்?

மேசையில் நீங்கள் சொல்லவேண்டிய முதல் விஷயம் இது. பாட்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.

போன வருடம் ஒரு கச்சேரிக்கு இரண்டு பேர் போய்வந்தார்கள். ஒருவர் சொன்னார், 'குரலே கேட்கல, ஒரே டிரம்ஸ் சத்தம்.' இன்னொருவர், 'ஒவ்வொரு எழுத்தும் தெளிவா கேட்டுச்சு' என்றார். ஒரு மணி நேரம் வாக்குவாதம், தே தாரேக் மூன்று சுற்று ஓடிவிட்டது. கடைசியில் லாரிக்கார அண்ணன்தான் கேட்டார், 'நீங்க ரெண்டு பேரும் எங்க இருந்தீங்க?' முதலாமவர் மேடைக்குப் பக்கவாட்டில், ஒலிபெருக்கி அடுக்கின் அடியில். மற்றவர் தரையின் நடுவில், சவுண்ட்காரர் உட்கார்ந்திருக்கும் மேடைக்கு அருகில். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

சவுண்ட்காரர் தன் காதில் விழுவதை வைத்துத்தான் எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கிறார். அதனால் அவருக்குப் பக்கத்தில் கிடைப்பதுதான் அன்றைய இரவின் சரியான ஒலி. டிக்கெட் எடுக்கும்போது அரங்கப் படத்தில் நடுவில் ஒரு சின்னச் சதுரம் காட்டியிருந்தால், அதுதான் அவர் இடம், அதன் பக்கம் பாருங்கள். மேடையை ஒட்டிய விலை அதிகமான இடத்தைவிட அங்கே நன்றாகக் கேட்கும். முகம் தெரியாது, பரவாயில்லை.

இடமும் முக்கியம். புக்கிட் ஜாலிலில் இரண்டு பெரிய அரங்கங்கள். இரண்டுமே 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டியவை, பாட்டுக்காக அல்ல. கூரை போட்ட உள்ளரங்கில் சுமார் 16,000 பேர் கொள்வார்கள். அதில் சத்தம் கூரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பி வரும், கைதட்டல் இடி மாதிரி இருக்கும், வேகமான வரிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். தேசிய அரங்கத்தின் நடுப்பகுதி திறந்த வெளி, 80,000 பேருக்கு மேல் கொள்ளும். அங்கே தூரம்தான் பிரச்சினை. ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் ஓடும். நீங்கள் நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், அவர் வாய் அசைந்து கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நொடி கழித்துத்தான் சத்தம் வரும். இது தெரியாமல் ஒரு பிள்ளை வந்து, 'வாயசைக்கிறாருண்ணே, பாட்டு ஓடுது, ஏமாத்து வேலை' என்று மேசையில் அடித்துச் சொன்னது. பெரியம்மாவுக்கு முகமே வாடிவிட்டது. அப்படிப்பட்ட குற்றச்சாட்டைச் சொல்வதற்கு முன் எத்தனை மீட்டர் தள்ளி இருந்தோம் என்று ஒரு தடவை யோசியுங்கள்.

அப்புறம், காது. செம்பனை ஆலையில் வேலை செய்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், காதில் நுரைப்பஞ்சு அடைப்பான் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். கச்சேரிக்குப் போகும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம். தொழில் நலக் கணக்குப்படி 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் தாங்கலாம். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் அரங்கங்களுக்கு வகுத்த அளவும் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பதே. மருந்துக்கடையில் சில வெள்ளிக்கு அந்த அடைப்பான் கிடைக்கும். போட்டால் பாட்டு கெடாது. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருந்தால் வார்த்தை இன்னும் தெளிவாகக்கூடக் கேட்கும்.

கச்சேரி நடக்கும்போது

கைப்பேசியில் முழுக்கப் படம் பிடிக்காதீர்கள். ஏற்பாட்டாளர்கள் விடுகிறார்களா இல்லையா என்பது ஒரு பக்கம். நான் ஒரு முறை இரண்டு மணி நேரமும் கையைத் தூக்கிப் பிடித்தேன். வீட்டுக்கு வந்து போட்டால், பாடகர் குரலுக்கு மேல் என் குரல், அதுவும் சுருதி சேராமல். மின்கலம் தீர்ந்து திரும்பி வர வண்டி கூப்பிட முடியாமல் ஒரு மணி நேரம் நடுத்தெருவில் நின்றதுதான் மிச்சம். ஒரே ஒரு பாட்டு எடுங்கள், அதுவும் அரை நிமிடம். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வையுங்கள். இருட்டில் பேனாவைவிடப் பென்சில் நல்லது, எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் எழுதும். ஒரு பாட்டுக்கு மூன்று வார்த்தைக்கு மேல் வேண்டாம். பாட்டின் முதல் சொல், என்ன மாறியது, நீங்கள் கவனித்த ஒன்று. என் நோட்டிலிருந்து ஒரு பக்கம்: '4. மெதுவா. கீபோர்டு மட்டும். தண்ணி குடிச்சார்.' '5. அம்மா கதை. 2-ஆம் சரணம் இல்லை.' '6. கம்பி!!' மறுநாள் இதைப் பார்த்தாலே முழுப் பாட்டும் திரும்பி வந்துவிடும்.

பாட்டுக்கு நடுவில் அவர் பேசுவதைக் கோட்டை விடாதீர்கள். தானே எழுதுகிறவர்கள் பாட்டுக்கு முன்னால் இரண்டு வார்த்தை சொல்வார்கள், எங்கே எழுதினேன், யாரை நினைத்து எழுதினேன் என்று. பதிவில் அது கிடைக்காது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, மேசையில் வந்து 'ஏதோ சொன்னாரு, ஞாபகம் இல்ல' என்றால் எங்களுக்கு வயிறு எரியும்.

திரும்பும் வழியில்

இரவு பதினொன்று, பதினொன்றரைக்கு முடியும். எல்ஆர்டி நகர ரயில் நள்ளிரவோடு நின்றுவிடும், ஊருக்குக் காலையில்தான் ரயில். செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் முன்பே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் நான்கு பேர் சேர்ந்து ஒரு காடியில் போய்வருவதே உத்தமம், ஓட்டுகிறவர் தூக்கம் வராதவராக இருக்கட்டும்.

அன்றிரவே, தூங்குவதற்கு முன், கைப்பேசியில் ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள். நோட்டைப் பார்க்காமல் முதலில் மனதில் வருவது எதுவோ அது. இதைச் செய்வதற்கு முன் மற்றவர்கள் எடுத்த காணொளிகளைப் பார்க்கவே பார்க்காதீர்கள். பார்த்துவிட்டால் அவர்கள் கண்ணால் கண்டது உங்கள் ஞாபகத்துக்குள் புகுந்துவிடும். அப்புறம் நீங்கள் எந்த மூலையில் உட்கார்ந்திருந்தாலும் மேடைக்கு முன்னால் நின்ற மாதிரியே பேசுவீர்கள். எங்களுக்கு வேண்டியது அந்த மூலை.

மேசையில்

வரிசைப்படி சொல்லத் தொடங்காதீர்கள். 'ஆறரைக்குக் கதவு திறந்தாங்க, பாதுகாப்புச் சோதனை, அப்புறம் தண்ணி வாங்கினோம்' என்று போனால் மூன்றாவது பாட்டு வருவதற்குள் மேசை ரொட்டி சானாய்க்குத் திரும்பிவிடும். ஒரு நிகழ்ச்சியைப் பிடியுங்கள், அதிலிருந்து மற்றது தானாக வரும்.

தோட்டத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை, அதிகம் பேசாதது, முதல் தடவை சொன்னதை அப்படியே தருகிறேன். 'ஆறாவது பாட்டுல கிதார் கம்பி அறுந்துருச்சு. அவரு நிறுத்தல. கிதார முதுகுப் பக்கம் தள்ளிட்டு, தொடையில தாளம் போட்டுப் பாடுனாரு. டிரம்ஸ்காரரு குச்சியக் கீழ வச்சிட்டாரு. ஓரத்துலேர்ந்து ஒரு பையன் வேற கிதார் கொண்டாந்து கழுத்துல மாட்டுனான். அவன் கைய எடுக்கறப்ப பெல்ட்டுல சட்டை மாட்டிக்கிச்சு. இவரு பாடிக்கிட்டே ஒரு கையால அத எடுத்துவிட்டாரு. வாய மைக்க விட்டு எடுக்கவே இல்ல.'

மேசையில் யாரும் பேசவில்லை. நானும் அதே கச்சேரியில்தான் இருந்தேன், என் நோட்டில் 'கம்பி!!' என்று இரண்டு ஆச்சரியக்குறி போட்டிருந்தேன். சட்டை மாட்டியதை நான் பார்க்கவில்லை. லாரிக்கார அண்ணன் மட்டும், 'அந்தப் பையனுக்கு வேர்த்துக் கொட்டியிருக்கும்' என்றார். 'நல்லா இருந்துச்சு' என்ற வார்த்தை அந்தப் பிள்ளையின் பேச்சில் ஒரு தடவைகூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இசை தெரிந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லலாம். அதற்குத்தான் அந்த அரை நிமிடப் பதிவு. கைப்பேசியில் ஏதாவது ஒரு பியானோ செயலியைத் திறந்து, பதிவுப் பாட்டின் ஆதார சுருதியைக் கண்டுபிடியுங்கள், பிறகு உங்கள் பதிவில் உள்ளதை. பெரும்பாலும் மேடையில் இறங்கியிருக்கும். மூன்று கட்டைப் பாட்டை இரண்டரையில் பாடுவார்கள் (கட்டை என்பது சுருதியின் அளவு). ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு வரியைப் பத்துத் தடவை பாடி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். மேடையில் இரண்டு மணி நேரம் ஒரே மூச்சாகப் பாடவேண்டும், வயதும் ஏறுகிறது. அதைக் குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை. சில பாட்டில் அடிக்குரல் இன்னும் கனமாக விழும், அதைக் கேட்டேன் என்று சொன்னால் அழகு. வேகத்துக்கு இன்னும் சுலபமான வழி: பதினைந்து நொடிக்கு எத்தனை தாளம் என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். பதிவுக்கும் மேடைக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். மேடையில் பெரும்பாலும் வேகம் கூடித்தான் இருக்கும், கூட்டத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் கை பரபரக்காது.

ஆனால் ஆள் பார்த்துப் பேசுங்கள். நான் ஒரு தடவை பெருமையாக, 'அரைக் கட்டை இறக்கிட்டாரு' என்றேன். நம்ம ஊரில் கட்டை என்றால் மைல்தானே. மூணாங்கட்டை, அஞ்சாங்கட்டை என்று இடத்துக்கே பேர் வைத்திருக்கிறோம். மேசைக் கோடியில் இருந்த ஒரு மாமா நிதானமாகக் கேட்டார், 'அரைக் கட்டைன்னா முக்கா கிலோமீட்டருக்கு மேல ஆச்சே, அவ்வளவு தூரத்துல யார இறக்கிவிட்டாரு?' அன்றிலிருந்து நான் 'கொஞ்சம் கீழ்ச் சுருதியில் பாடினார்' என்றுதான் சொல்கிறேன்.

குறை சொல்லலாமா? தாராளமாக. எல்லாமே பிரமாதம் என்கிறவரின் பிரமாதத்தை யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் எந்தப் பாட்டில், எந்த இடத்தில் என்று சொல்லுங்கள். 'மூணாவது பாட்டுல மேல் பஞ்சமத்துக்குப் போகாம கூட்டத்தப் பாட விட்டுட்டாரு' என்றால் அது செய்தி. 'குரல் போயிடுச்சு' என்றால் அது தீர்ப்பு, தீர்ப்புச் சொல்ல இங்கே யாரையும் கூப்பிடவில்லை. பாடகரின் குடும்பம், யாரோடு சண்டை, மேடைக்குப் பின்னால் யார் அழுதார்கள் என்ற பேச்சு வேண்டாம். பெரியவர்கள் முன்னால் அவரை 'அவன்' என்று சொல்லாதீர்கள். பாசத்தில் சொல்வதாக நீங்கள் நினைப்பீர்கள், பெரியம்மாவுக்குச் சுருக்கென்றிருக்கும்.

டிக்கெட் விலையை யாராவது கேட்டால் மட்டும் சொல்லுங்கள். நீங்கள் ஒரு மாலைக்குக் கொடுத்த வெள்ளி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு வார வீட்டுச் செலவாக இருக்கலாம். இன்னொன்று, அடுத்த வாரம் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ அதே கச்சேரிக்குப் போகிறவர் யாராவது மேசையில் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் அவர் தே தண்ணி வாங்க எழுந்து போகிற நேரம் பார்த்துச் சொல்லுங்கள். நாங்கள் ஒருவரை இப்படி நான்கு தடவை எழுப்பி அனுப்பியிருக்கிறோம், கடைசியில் அவரே கோபித்துக்கொண்டு 'சொல்லித் தொலைங்க' என்றார்.

சின்ன மேடைகள்

பெரிய அரங்கக் கச்சேரியை ஆயிரம் பேர் படம் பிடிப்பார்கள், நீங்கள் மறந்தாலும் எங்காவது இருக்கும். தோட்டக் கோயில் திருவிழாவிலோ பள்ளி நிதிக்கான விருந்திலோ உள்ளூர்ப் பையன் ஒருவன் தான் எழுதிய பாட்டை முதல் தடவை பாடினால், அதை யார் வைத்திருக்கப்போகிறார்கள்? இந்த நாட்டில் சொந்த வரியில் பாடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. 2006-இல் யோகி பி, நட்சத்திரா குழுவினரின் தமிழ் ராப் தமிழ்நாடு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அவர்களும் எங்கோ ஒரு சின்ன மேடையில்தான் தொடங்கியிருப்பார்கள்.

அதனால் அங்கே போகும்போது நோட்டை இன்னும் கவனமாக நிரப்புங்கள். தேதி, இடம், உறுமி வாசித்தது எந்தக் குழு, மழை வந்ததா, ஜெனரேட்டர் எத்தனை தடவை நின்றது. பாடியவரிடம் போய் வரிகளை எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். கூச்சப்படுவார், இரண்டாம் தடவை கேட்டால் தருவார். எங்களிடம் அப்படி வாங்கிய தாள்கள் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. ஒன்றில் சம்பல் கறை, நாசி லெமாக் பொட்டலத்தின் உள்தாளில் எழுதியது.

சரி, அடுத்த கச்சேரிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஞாயிறு ஐந்து மணிக்கு மேல் வந்தால் நாங்கள் அங்கே இருப்போம். நாற்காலி இல்லாவிட்டால் பக்கத்து மேசையிலிருந்து இழுத்துக்கொள்ளுங்கள். கம்பி, சுருதி, தாளக் கணக்கு எல்லாம் நோட்டில் இருக்கட்டும், ஆனால் சட்டையின் நிறத்தையும் மறக்காமல் குறித்துக்கொண்டு வாருங்கள். போன தடவை நான் மறந்துவிட்டு வந்து, 'கறுப்பு மாதிரி இருந்துச்சு பெரியம்மா' என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தோட்டத்துப் பிள்ளை பக்கம் திரும்பிக்கொண்டார். 'நீ சொல்லுய்யா.'

'கத்திரிப்பூ கலரு, பாட்டி. கை ரெண்டு மடிப்பு மடிச்சிருந்தாரு.'